இரண்டாம் ஓலை

நாவல் எழுத ஆசைப்படும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுங்கள் என்று எங்கள் குடியிருப்பு அசோசியேஷன் செயலாளர் கேட்டபோது முதலில் முடியாது என்றுதான் சொன்னேன். மூன்று நாவல்கள் எழுதியிருக்கிறேன். அவற்றைப் படித்தவர்களைவிட "நீங்க ரைட்டராமே" என்று லிஃப்டில் விசாரித்தவர்கள் அதிகம். செயலாளரும் அந்த ரகம்தான். "லீவுல பசங்க போனையே நோண்டிக்கிட்டு இருக்காங்க மேடம். கராத்தேக்கு ஆள் இருக்கு, கீபோர்டுக்கு ஆள் இருக்கு. நீங்க இதைப் பார்த்துக்குங்க" என்றார். நாவலைக் கராத்தேக்குப் பக்கத்தில் உட்கார வைத்ததில் எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலிலேயே சரி என்று சொல்லிவிட்டேன்.

குடியிருப்பு இருப்பது கிழக்குத் தாம்பரத்தில், சேலையூருக்குச் சற்று உள்ளே. வகுப்புக்குத் தந்தது கீழ்த்தளத்தில் மோட்டார் அறையை ஒட்டிய கூட்ட அறை. தண்ணீர் லாரி வந்து சம்ப்பில் குழாயைப் போட்டால் அரை மணி நேரம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை காலைகளில் வந்தவர்கள் ஒரு கை விரல்களைவிடக் கொஞ்சம் அதிகம். எல்லாரும் பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் நடுவில் இருப்பவர்கள். எல்லாருக்கும் நான் ஆன்ட்டி. சாகித்திய மேடைகளில் ஏறினாலும் இறங்கினாலும் இந்தக் காம்பவுண்டுக்குள் வேறு பட்டம் கிடையாது.

முதல் வாரம் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதி வரச் சொன்னேன். வாங்கிப் படித்தால் எல்லாக் கதைகளும் கிராமத்தில் நடந்தன. எல்லாவற்றிலும் கிணறு இருந்தது, வரப்பு இருந்தது, ஒரு மாட்டு வண்டி போய்க்கொண்டே இருந்தது. பொத்தேரி கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த பையனின் கதாநாயகன் ஏர் உழுதான். "நீ கடைசியா கிராமத்துக்கு எப்பப்பா போன?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "வண்டலூர் ஜூவுக்குப் பின்னாடி ஒரு ரிசார்ட் இருக்கு ஆன்ட்டி" என்றான். கிண்டலுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னான். தமிழில் எழுதினால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று யாரோ இவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். பாடப்புத்தகமாக இருக்கலாம். சிரிப்பு வரவில்லை, வருத்தமாகத்தான் இருந்தது. இந்தப் பிள்ளைகள் தாங்கள் இருக்கும் இடம் கதைக்கு லாயக்கில்லாதது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குச் சொன்னதையே இன்றைக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் என்ன தெரிகிறதோ அதை எழுதுங்கள். எந்த விஷயத்தை வீட்டில் யாரும் பேச மாட்டார்களோ அங்கே தொடங்குங்கள். பயமாக இருந்தால் பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

இதை அப்படியே எடுத்துக்கொண்டவள் ப்ளஸ் ஒன் முடித்திருந்த ஒரு பெண். பி பிளாக்கில் இருக்கும் குடும்பம். அப்பா இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை, அம்மா பள்ளிக்கூட டீச்சர், அக்கா கேளம்பாக்கத்தில் ஒரு ஐடி கம்பெனியில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நால்வரும் சர்ச்சுக்குக் கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். கதவுக்குப் பக்கத்தில் உட்காருவாள், அதிகம் பேச மாட்டாள். அடுத்த வாரம் அவள் எழுதி வந்தது, நிச்சயமான கல்யாணம் நின்றுபோன ஒரு வீட்டின் கதை. அதில் எல்லாருக்கும் இந்துப் பெயர்கள். வாசலில் கோலம், கூடத்தில் முருகன் படம். "ஒரு நாள் மாப்பிள்ளை வீட்டார் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்" என்று ஒரே வரியில் நடுக்கதை முடிந்துவிட்டது.

"எப்படிச் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"போன்ல சொன்னாங்க ஆன்ட்டி."

"யார் எடுத்தாங்க? எடுத்தவங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்க?"

மற்றவர்கள் கிளம்பும்வரை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். "போன் எல்லாம் வரல. ஓலை வாசிக்கல."

எனக்குப் புரியவில்லை. அவள்தான் விளக்கினாள். அவர்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் அடுத்தடுத்து மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம் நடக்கவிருக்கிறது, தடை ஏதும் இருந்தால் தெரியப்படுத்தலாம் என்று சபை முழுக்கக் கேட்க ஆயர் அறிவிப்பார். அக்காவுக்கு முதல் ஓலை வாசித்தாயிற்று. கைகுலுக்கல், வாழ்த்து எல்லாம் ஆயிற்று. இரண்டாவது ஞாயிறு நால்வரும் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆயர் வேறு இரண்டு ஜோடிகளின் ஓலையை வாசித்தார். அப்புறம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் பிக்னிக் அறிவிப்புக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டார் அன்று காலையில்தான் ஆயரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். பெண் வீட்டுக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவர்களுக்கு அந்த நிமிஷம்வரை தெரியாது.

ஊருக்கு அவர்கள் சொன்னது வேறு. பையன் வீட்டில் சரியில்லை, நாங்கள்தான் ஓலையை நிறுத்தச் சொன்னோம் என்று அப்பா எல்லாரிடமும் சொன்னார். சொல்லிச் சொல்லி வீட்டுக்குள்ளும் அதுவே நிலைத்துவிட்டது. ஒரு வருஷமாக யாரும் அதைப் பேசுவதில்லை.

"முருகன் படத்தைக் கழட்டு. ஓலை இல்லாம இந்தக் கதை நிக்காது" என்றேன். ஓலையை எழுதினால் பெயர் மாற்றி என்ன பயன், சபையில் இருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிடுமே என்று அப்போதே எனக்குத் தோன்றியது. தோன்றியும் சொன்னேன். எழுதுகிறவர்கள் புத்தி அப்படி.

மூன்று வாரத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். படித்துவிட்டு எனக்குப் பொறாமை வந்தது, அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. பெஞ்சில் அப்பா அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அம்மா பாட்டுப்புத்தகத்தில் அடுத்த பாட்டின் எண்ணைத் தேடுகிறாள். அடுத்த பாட்டு எது என்று இன்னும் அறிவிக்கவே இல்லை. முன்வரிசைக்காரர்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பாமல் இருக்க அவர்கள் படும் பாடு கழுத்தில் தெரிகிறது. பிறகு வீடு. காலையிலேயே செய்துவைத்த பிரியாணியை யாரும் பேசாமல் சாப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், வழக்கம்போல எல்லாரும் படுத்துவிடுகிறார்கள். படுக்கையறையில் அக்கா தரையில் உட்கார்ந்து அந்தப் பையனுக்குப் போன் செய்கிறாள். கெஞ்சுகிறாள். "வேலையை விட்டுடறேன். கேளம்பாக்கம் தூரம்னு உங்கம்மா சொன்னாங்கல்ல, விட்டுடறேன்." கட்டிலில் தங்கை அசந்து தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

வகுப்பில் அதைச் சத்தமாக வாசித்தேன். ஏர் உழுத பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். குடியிருப்பு ஆண்டு விழாவுக்கு ஒரு மலர் போடுவார்கள், வழக்கமாக அதில் குலுக்கல் பரிசு விவரமும் சமையல் குறிப்பும் வரும். இந்த வருஷம் இந்த அத்தியாயமும் வரட்டும் என்று முடிவு செய்தோம்.

"அக்காகிட்ட காட்டினியா?" என்று கேட்டேன்.

"காட்டினா வேணாம்னுடுவா ஆன்ட்டி."

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி காட்டிடு" என்றேன். வீட்டில் பெரியவர்கள் சம்மதமும் வேண்டும், அப்பாவுக்கு அனுப்பி ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்றும் சொன்னேன்.

அக்காவிடம் காட்டாமலே அவள் அதை அப்பாவுக்கு அனுப்பிவிட்டாள். மகள் நாவல் எழுதியிருக்கிறாள் என்பதைத் தவிர அவர் எதையும் படிக்கவில்லை. பெருமை தாங்காமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். "என் இளைய குமாரத்தி எழுதிய நாவல். வாழ்த்தி ஜெபியுங்கள்." நாகர்கோவிலிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் கூப்பிய கைகள் வந்தன, பூங்கொத்துகள் வந்தன, ஸ்தோத்திரம் வந்தது. ஒரு சித்தப்பா எந்தப் போட்டியில் பரிசு என்று கேட்டிருந்தார். அனுப்பினவரும் படிக்கவில்லை, வாழ்த்தினவர்களும் திறக்கவில்லை. நம் ஜனங்களைப் பற்றி எனக்கு ஒரு கெட்ட அபிப்பிராயம் உண்டு, அது அன்றைக்கு உறுதியானது.

திறந்து படித்தது ஒரே ஒருத்தி. கேளம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரும் பஸ்ஸில், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, அக்கா முழுசாகப் படித்துவிட்டாள். வீட்டுக்கு வந்தாள், சாப்பிட்டாள், தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலில் போய்ப் படுத்தாள். தங்கையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏதோ சரியில்லை என்று அம்மா மகள் எழுதியதை வாங்கிப் படித்தபோதுதான் வீடு தலைகீழாயிற்று. அப்பா பதறிப்போய் குழுவிலிருந்து அதை அழித்தார். அழித்தது அவர் போனில் மட்டும் அழிந்தது. மற்ற எல்லாரிடமும் அப்படியே இருந்தது. இப்போதுதான் பெரியவளுக்கு இன்னொரு இடம் பேசிக்கொண்டிருக்கிறோம், அது கைவிட்டுப்போனால் உன்னால்தான் என்று அம்மா சின்னவளிடம் சொல்லிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வகுப்புக்கு வந்து உட்காரவில்லை. கதவில் நின்றபடியே, "என் ஸ்டோரியை எடுத்துடுங்க ஆன்ட்டி. வீட்டுல இருந்ததெல்லாம் டெலீட் பண்ணிட்டேன். இனிமே எழுத மாட்டேன்" என்றாள்.

"அக்கா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. திட்டியிருந்தா பரவால்ல. ரூமுக்கே வரமாட்டேங்கறா." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்கு அவ பேசினா போதும் ஆன்ட்டி."

பதினாறு வயதில் ஒருத்தி இப்படி எழுதுவாள் என்றால் அவள் எழுதாமல் போவது எனக்கு நஷ்டம், உங்களுக்கும் நஷ்டம். ஆனால் அவள் நின்ற நிலையைப் பார்த்தபோது நாவலாவது கீவலாவது என்று இருந்தது. சரி, எடுத்துவிடுகிறேன் என்றேன். நான் கொடுத்த அறிவுரை தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்கு ஆகும் செலவை எதிரில் நின்று பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அக்கா என் வீட்டுக்கு வந்தாள். ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் அப்படியே தொங்கியது. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து, சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே காபி போட்டேன். அவள் காபியை வாங்கிக்கொண்டு, "மேம், இதை கிளாஸ்ல படிச்சீங்களா?" என்று கேட்டாள்.

படித்தேன் என்றேன்.

"யாரும் எதுவும் கேட்கலையா?"

"எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க. ஒரு பையன் அழுதான்."

"அது சரி" என்றாள். "எல்லாத்தையும் எழுதியிருக்கா மேம். அப்பா எப்படி உட்கார்ந்திருந்தாரு, அம்மா புக்கைத் திருப்பினது, நான் கெஞ்சினது. நான் சொன்ன வார்த்தை ஒண்ணுகூட மாறல. அவளை மட்டும் தூங்க வச்சுட்டா."

அந்த வரி எது என்று மனதுக்குள் தேடினேன்.

"அவ தூங்கல மேம்."

மூன்று நாவல் எழுதிய எனக்கு அது பிடிபடவில்லை. அந்த அத்தியாயத்தில் எல்லார் தோலும் உரிந்திருந்தது, எழுதினவளைத் தவிர. தங்கை கட்டிலில் கிடக்கும் அந்த ஒரு வரியைத் தாண்டி நான் நான்கு முறை போயிருக்கிறேன், இலக்கணம்கூடத் திருத்தியிருக்கிறேன். இந்தப் பெண் பஸ்ஸில் ஒரே முறை படித்துவிட்டுக் கண்டுபிடித்துவிட்டாள். ஏனென்றால் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

"ஒரு வருஷமா ஒரே ரூம்ல படுத்துக்கறோம்" என்றாள். "கேட்டேன்னு அவ சொல்லல. அவ கேட்டது எனக்குத் தெரியும்னு நானும் சொல்லல. கதையைத் திறந்ததும், சரி, இதுலயாவது சொல்லிடுவான்னு நினைச்சேன். தூங்கிட்டாளாம்." டம்ளரைக் கீழே வைத்தாள். "அதான் மேம் கோபம். என்னைப் பத்தி எழுதினதுக்கு இல்ல."

மலரிலிருந்து எடுத்துவிட்டேன், கவலைப்பட வேண்டாம் என்றேன்.

"போடுங்க" என்றாள். "முதல் ஓலை வாசிச்சப்ப எல்லாரும் கேட்டாங்க. ரெண்டாவது வாசிக்காததையும்தான் எல்லாரும் கேட்டாங்க. இதுல மறைக்க என்ன இருக்கு? அப்பாதான் மறைச்சுட்டதா நினைச்சுட்டு இருக்காரு."

"இப்போ பேசிட்டிருக்கிற இடம்?"

"அவங்களும் படிக்கட்டும். படிச்சுட்டு வரவங்க வந்தா போதும். ஆனா அவளை முழிக்க வச்சுட்டுப் போடுங்க."

நீயே சொல்லேன் என்றேன். தலையை ஆட்டினாள். "நான் சொன்னா அக்கா மிரட்டி எழுத வச்ச மாதிரி ஆயிடும். நீங்க சொன்னா கதைக்காகன்னு இருக்கும்."

என்னிடம் இருந்த பிரதியை எடுத்துக்கொண்டு பி பிளாக்குக்கு நானே போனேன். தங்கைதான் கதவைத் திறந்தாள். அக்கா வந்துபோனதைச் சொன்னேன், மலரில் வரலாம் என்று சொன்னதையும் சொன்னேன். பிறகு அந்த வரியைக் காட்டி, "இவ தூங்கறது எனக்கு நம்பிக்கையா இல்ல. எழுப்பு" என்றேன்.

"எழுப்பினா, அவ ஏன் எழுந்து அக்காகிட்ட போகலன்னு கேட்பாங்க ஆன்ட்டி."

"யார் கேட்பாங்க?"

அவள் பிரதியை வாங்கிக்கொண்டாள்.

பொதுவாக இந்த வயதுப் பிள்ளைகளிடம் நான் சொல்வது, கதையில் எல்லாரையும் நிர்வாணமாக நிறுத்துகிறவன் தானும் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பது. மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள். ஒரு பிளாட்டின் வாசலில், ஒரு குழந்தையிடம், அவள் அம்மா உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்வது வேறு. எனக்கு அவளை அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. செய்யவில்லை, எனக்கு அதெல்லாம் வராது.

சனிக்கிழமை வகுப்பு முடியும் நேரத்தில் புதிய பக்கங்களோடு வந்தாள். அன்று அக்காவும் வந்திருந்தாள், அச்சுக்குப் போகும் முன் ஒரு முறை பார்க்க வேண்டும் என்று என்னிடம் கேட்டிருந்தாள். வீட்டிலிருந்து இருவரும் தனித்தனியாகத்தான் வந்தார்கள். மற்ற பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பக்கங்களை முதலில் நான் படித்தேன். அதில் தங்கை விழித்துக்கொண்டிருந்தாள், எல்லாம் கேட்டாள். கேட்டுவிட்டுக் கட்டிலிலிருந்து இறங்கிப் போய் அக்காவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். போன் கீழே விழுந்தது. இருவரும் அழுதார்கள். எழுத்து அந்த இடத்தில் தளர்ந்துபோயிருந்தது, சீரியல் மாதிரி. ஆனாலும் என் கண் கலங்கிற்று. போதும், இப்படியே விட்டுவிடலாம் என்றுதான் பக்கங்களை அக்காவிடம் நீட்டினேன்.

அவள் நின்றுகொண்டே படித்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்து, அதையே மறுபடி படித்தாள்.

"நீ வரலையே" என்றாள். அத்தனை நாளுக்குப் பிறகு தங்கையிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"வந்திருக்கணும்" என்றாள் சின்னவள்.

"வரல. வரலைன்னே எழுது." அக்காவின் குரலில் கோபம் இல்லை. "நீ வந்திருந்தா எனக்குத் தாங்கியிருக்காது. நீ முழிச்சிட்டு இருக்கேன்னு தெரிஞ்சுதான் ஜன்னல் பக்கமா திரும்பி உட்கார்ந்தேன். என் மூஞ்சியை நீ பார்க்க வேணாம்னு."

சின்னவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் முழிச்சிருக்கேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ தூங்கினா வாய் தொறந்திருக்கும். அன்னைக்கு மூடியிருந்துது."

அந்தப் பெண் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அக்கா தேற்றவில்லை, தொடவும் இல்லை. முடியும்வரை காத்திருந்தாள். நான் என் பையை எடுத்துக்கொண்டு கதவுக்கு வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது சின்னவள் கட்டிக்கொண்டு அழும் பக்கத்தைக் குறுக்காக அடித்துக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் பேசினது உனக்குக் கேட்டுது. போன்ல அந்தப் பக்கம் அவர் என்ன பேசினாருன்னு உனக்குத் தெரியாது இல்ல?" என்றாள். "சொல்றேன், எழுதிக்கோ."